எழுவைதீவின் ஒரே பஸ்

எழுவைதீவு அன்ரனிதாசின் மகள் மெலிஷா ஒன்பது வருடமாக நாலு வயதில் இருக்கிறாள். நோய் ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுவாள், ஓடுவாள், பொய் சொல்லுவாள், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஆட்களின் உயிரை எடுப்பாள். பாற்பல் ஒன்றுகூட ஆடவில்லை. இந்த ஒன்பது வருடத்தில் பாரை மீனின் விலை ஏறியது, மண்ணெண்ணெய் இல்லாமல் போய்த் திரும்பவும் வந்தது, இறங்குதுறைக்குப் புதிதாகச் சீமெந்து பூசினார்கள், பூசிய சீமெந்து வெடித்தது. மெலிஷா நாலு வயதில் இருந்தாள். வெளியூர் ஆட்கள் இதைக் கேட்டால் வாயைப் பிளக்கிறார்கள். நாங்கள் பிளப்பதில்லை. அவளுடைய வயது எங்கே போனது என்று தீவில் எல்லோருக்கும் தெரியும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் தங்கள் பிள்ளையின் பிறந்தநாளை அங்கேயும் கொண்டாடி, இங்கேயும் கொண்டாடுவிப்பார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து படகில் கேக் வரும், சோற்றுப் பார்சல் வரும், அந்தப் பிள்ளையின் படம் போட்ட ஆளுயரப் பனர் வரும். பிள்ளை அங்கே இருக்கும், பனர் இங்கே இருக்கும், பனருக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். சொந்தத்துக்குள் ஆகக் கிட்டிய பிள்ளை போனைப் பார்த்துச் சிரித்து, வெளிநாட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, மெழுகுதிரியை ஊதும். அதைப் படம் எடுத்து அனுப்பினால் அங்கே பார்த்து மூக்கைச் சிந்துவார்கள். கொண்டாட்டம் முடிந்த பிறகு பனர் வீணாகாது. கோழிக்கூட்டுக்குக் கூரை, வலைக்கு மூடி, குசினிக்கு மறைப்பு. எழுவைதீவில் மழைக்கு நனையாமல் நிற்கிற கோழிகள் எல்லாம் ஏதோ ஒரு கனடாப் பிள்ளையின் சிரிப்புக்குக் கீழேதான் நிற்கின்றன.

அன்ரனிதாசின் தமக்கை ஞானசவுந்தரி பிரான்ஸ் நாட்டில், பரிசில் இருக்கிறாள். அவளுக்கு ஒரே மகள், அஞ்சலின். அஞ்சலினும் மெலிஷாவும் ஒரே நாளில் பிறந்தவர்கள். இரண்டு வீட்டிலும் அதைப் பெரிய அதிர்ஷ்டமாகத்தான் பேசினார்கள். நாலு வயது முடியும்வரை மெலிஷாவுக்கு வீட்டில் ஒரு சின்ன கேக்கும், அஞ்சலினுக்கு எங்கள் தீவு முன்பள்ளியில் ஒரு பெரிய கேக்கும் வெட்டப்பட்டன. ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஞானசவுந்தரி போனில் சொன்னாள்: “ஒரே நாளுக்கு என்னத்துக்கு ரெண்டு கேக், தம்பி? மெலிஷாவே அஞ்சலினுக்காக ஊதட்டும். எல்லாம் ஒண்டுதானே.” அன்ரனிதாசின் படகுக்கு எஞ்சின் அனுப்பியவள் அவள்தான். எஞ்சின் அனுப்பிய தமக்கை சொன்னால் தம்பி தலையாட்டுவான். அவனுடைய மனைவி ஜொய்சிக்கும் அன்று அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. மெலிஷா பனருக்கு முன்னால் நின்று, “ஹப்பி பேர்த்டே அஞ்சலின்!” என்று கத்தி, ஒரே மூச்சில் ஊதினாள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

அந்த வருடம் மெலிஷாவின் சட்டை கட்டையாகவில்லை. செருப்பும் அளவாகவே இருந்தது. ஜொய்சி முதலில் சந்தோஷப்பட்டாள், புதிது வாங்கத் தேவையில்லை என்று. தை மாதம் அவளை முதலாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அதிபர் பிறப்பத்தாட்சியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அத்தாட்சிக்கு வயது சரி, பிள்ளைக்கு வயது போதாது என்று திருப்பி அனுப்பினார். முன்பள்ளி ரீச்சர் நிலாந்தினி அவளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “ஒரு பிள்ளை குறைஞ்சாலும் இந்தப் பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவாங்கள், ஜொய்சி. இவள் நிக்கிறது நல்லதுதானே” என்றாள். ஜொய்சிக்கு அது நெஞ்சில் சுருக்கென்று பட்டது. ஆனாலும் அடுத்த பிறந்தநாளுக்கும், அதற்கடுத்ததற்கும் மெலிஷாதான் பனருக்கு முன்னால் நின்று ஊதினாள். பழக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் மனுசர் யோசிப்பதில்லை.

பரிசில் அஞ்சலின் கிடுகிடுவென்று வளர்ந்தாள். ஆறு வயதில் எட்டு வயதுப் பிள்ளையின் உயரம், ஏழு வயதில் பத்து வயதுப் பிள்ளையின் எழுத்து. “இஞ்சத்தைச் சாப்பாடு அப்பிடி” என்று ஞானசவுந்தரி பெருமைப்பட்டாள். இரண்டு வகுப்பு மேலே தூக்கிப் போட்டார்கள். பிறகு டொக்டர்மார் எலும்பைப் படம் பிடித்துப் பார்த்து, பதிவில் இருக்கிற வயது பிழை என்று சொல்லித் திருத்திக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு அங்கே போய் வயது மாறியிருக்கிறது. ஆகையால் அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

ஜொய்சி அதைக் கண்டுபிடித்தது குசினியில்தான். மழைச் சாரலுக்குக் குசினியின் மேற்குப் பக்கம் அஞ்சலினின் பனர்களைத்தான் வரிசையாகக் கட்டியிருந்தாள். ஒருநாள் சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்டுத் துழாவிக்கொண்டு நிமிர்ந்தபோது, எல்லா அஞ்சலினும் ஒன்றாகக் கண்ணில் பட்டார்கள். ஒவ்வொரு பனருக்கும் பிள்ளை இரண்டு இரண்டு வயதாக ஏறிக்கொண்டு போனாள். ஒவ்வொரு பனருக்கும் கீழே மெலிஷா நின்ற இடம் அவளுக்கு நினைவிருந்தது. முதல் பனரில் அஞ்சலினின் நாடியளவுக்கு நின்றவள், கடைசிப் பனரில் இடுப்பளவுக்குத்தான் நின்றாள். பால் திரைந்து போனது. ஜொய்சி அகப்பையோடு முற்றத்துக்கு வந்து, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த புருஷனிடம் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, என்ர பிள்ளையின்ர வயசு உங்கட அக்காவின்ர பிள்ளைக்குப் போகுது.”

அன்ரனிதாஸ் வலை ஊசியைக் கீழே வைத்தான். “எனக்கும் அப்பிடித்தான் படுது” என்றான். “ஆனா எப்பிடியப்பா அக்காட்டைக் கேக்கிறது?”

“கேக்க வேண்டாம். இந்த முறை என்ர பிள்ளைக்கு என்ர வீட்டில பேர்த்டே. அவள் தனக்குத்தான் ஊதுவாள். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம், அவளுக்கு அஞ்சு வயசு வந்தாப் போதும்.”

என்ன மாதிரிப் பிறந்தநாள் வேண்டும் என்று மெலிஷாவைக் கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை. “பஸ் பேர்த்டே” என்றாள். எழுவைதீவில் பஸ் இல்லை. பஸ் ஓடுகிற அளவுக்குத் தீவும் இல்லை. வயிற்றுக்குத்து என்று ஒருமுறை யாழ்ப்பாண ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனபோது, ஊர்காவற்றுறையில் சிவப்பு பஸ்ஸில் ஏறியவள் வயிற்றுக்குத்தை மறந்து போனாள். போகும் வழி முழுக்க றைவரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கொண்டக்ரர் ஒரு ரிக்கற்றை அவள் கையிலேயே கொடுத்தார். அந்த ரிக்கற் இன்னும் அவளுடைய தலையணை உறைக்குள் இருக்கிறது.

ஜொய்சி பஸ் செய்ய வெளிக்கிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு பஸ்ஸை நாங்கள் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. சங்கக்கடைக்கு வந்த பிறிட்ஜ் மட்டைப் பெட்டிகள் மூன்றைக் கேட்டு வாங்கி, வலை தைக்கிற ஊசியால் ஒன்றோடொன்று தைத்தாள். மீன் வெட்டுகிற கத்தியால் யன்னல்கள் அறுத்தாள். படகுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ற் இருந்தது, அதை அடித்தாள். வலை மிதப்புகள் இரண்டு முன் லைற் ஆகின. பழைய சைக்கிள் றிம் ஸ்ரேறிங் ஆகியது. நாள்காட்டித் தாளை வெட்டி ரிக்கற் செய்தாள். முன்பலகையில் ‘எழுவைதீவு – யாழ்ப்பாணம்’ என்று அன்ரனிதாஸ் எழுதினான். நடுவில் கடல் இருப்பதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. கோயிலில் கேட்டு எடுத்துவந்த சின்னப் பிளாஸ்ரிக் கதிரைகளை இரண்டு இரண்டாக உள்ளே அடுக்கினார்கள். கேக் சுடப் போறணை இல்லை. பெரிய சட்டியில் மணல் பரப்பி, தட்டை உள்ளே இறக்கி, மூடிக்கு மேலும் சட்டிக்குக் கீழும் தணல் போட்டு வேகவைத்தாள். முதலாவது கருகியது. இரண்டாவது நன்றாக வந்தது. அதை பஸ் மாதிரி வெட்டி, பீற்றூட் சாறு விட்ட ஐசிங் பூசி, பிஸ்கற்றால் சில்லு வைத்தாள். மெலிஷா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தொடவில்லை.

பிள்ளைகள் எல்லோருக்கும் பின்னேரம் நாலு மணிக்கு வரச் சொல்லி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள் ஜொய்சி. ஞானசவுந்தரிக்கும் மரியாதையாகவே சொன்னாள்: “மச்சாள், இந்த முறை மெலிஷாவுக்கு வீட்டில செய்யிறம். அவளால முன்பள்ளிக்குப் போய் ஊத ஏலாது.”

“செய்யுமன், ஆர் வேண்டாமெண்டது?” என்றாள் ஞானசவுந்தரி. “அஞ்சலின்ர பேர்த்டேயை ரீச்சர் பாத்துக்கொள்ளுவா.”

ரீச்சர் பார்த்துக்கொண்டாள். அந்த நாள் மத்தியானப் படகில், பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற காற்றடித்த மாளிகை ஒன்று மடித்த பாயாக வந்து இறங்கியது. கூடவே அதை ஊதுகிற இயந்திரமும், கோழிப் புரியாணிப் பார்சல்களும், ஆளுக்கொரு புத்தகப் பையும். இந்த முறை ஊதுவதற்கு இங்கே பிள்ளை தேவைப்படவில்லை. முன்பள்ளிச் சுவரில் திரை கட்டி, அஞ்சலினையே பரிசிலிருந்து காட்டினார்கள். நேரம், பின்னேரம் நாலு மணி. யாரும் ஜொய்சிக்குக் கெடுதல் நினைக்கவில்லை. நாங்களும் எங்கள் பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, தலை இழுத்துச் சீவி, அங்கேதான் அனுப்பினோம். காற்றடித்த மாளிகையை எழுவைதீவுப் பிள்ளை வேறு எங்கே காணப் போகிறது?

நாலரை மணிக்கு பஸ்ஸில் ஒருவரும் இல்லை. மெலிஷா றைவர் கதிரையில் றிம்மைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அன்ரனிதாஸ் தோளில் பையோடு கொண்டக்ரராக வாசலில் நின்றான். முன்பள்ளிப் பக்கமிருந்து பாட்டும் கூச்சலும் காற்றில் வந்தன. 

“அம்மா, எங்க ஆக்கள்?”

“வருவினம். நீ பஸ்ஸை எடு.”

“ஆக்கள் ஏறாமல் பஸ் வெளிக்கிடாது” என்றாள் மெலிஷா. அது சரியான கதை. ஊர்காவற்றுறையில் அவள் கண்டது அப்படித்தான்.

ஜொய்சி ஏறிக் கதிரையில் இருந்தாள். அன்ரனிதாஸ் ரிக்கற் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தானும் பக்கத்தில் இருந்தான். பிறகு ஜொய்சி கோழி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து பின் கதிரையில் விட்டாள். அதற்கும் ரிக்கற் கொடுக்கப்பட்டது. மெலிஷா சிரித்தாள். அன்ரனிதாஸ் வாயால் ஹோர்ன் அடித்தான். வெயில் சாய்ந்துகொண்டு வந்தது, மெழுகுதிரிக்குக் காற்று ஆகாது, இனித் தாமதிக்கக் கூடாது என்று ஜொய்சி கேக்கை பஸ்ஸுக்குள்ளேயே கொண்டுவந்து மடியில் வைத்தாள். ஒரு திரி கொளுத்தினாள்.

“ஊது, செல்லம்.”

மெலிஷா அங்குமிங்கும் பார்த்தாள். “போன் எங்க?”

“போன் இல்லை. இண்டைக்கு உனக்குத்தான் பேர்த்டே. நீ உனக்குத்தான் ஊதிறாய்.”

பிள்ளைக்கு அது விளங்கவில்லை. அவளுக்குத் தெரிந்த பிறந்தநாள் ஒன்றே ஒன்றுதான். அதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து, வருடம் தவறாமல் ஒத்திகை பார்த்துப் பழக்கி வைத்திருந்தோம். அவள் நிமிர்ந்து இருந்தாள். போன் பிடிக்கிற ஆள் வழக்கமாக நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பினாள். பல் எல்லாம் தெரியச் சிரித்தாள். ஜொய்சி “மெலிஷா எண்டு சொல்லு, மெலிஷா எண்டு...” என்று வாயெடுக்க முன்னமே, “ஹப்பி பேர்த்டே அஞ்சலின்!” என்று கத்தி ஊதிவிட்டாள். திரி ஒரே மூச்சில் அணைந்தது. புகை மட்டை யன்னலால் வெளியே வந்து, கலையாமல், மேற்குப் பக்கமாகக் கடலுக்கு மேல் போனது. துறையில் நின்ற கிழவர் எமிலியானுஸ் அதைக் கண்டு, யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

ஜொய்சி பிள்ளையை அடித்தாள். கன்னத்தில், ஓங்கி. அதற்கு முன்னும் அடித்ததில்லை, அதற்குப் பின்னும் அடித்ததில்லை. மெலிஷா அழவில்லை, திகைத்துப் போய் இருந்தாள். தான் சரியாகத்தானே ஊதினேன் என்று அவளுக்கு. பிறகுதான் அழுதாள். ஜொய்சி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளைவிடப் பெரிதாக அழுதாள். அன்ரனிதாஸ் கேக்கை வெட்டி இரண்டு பேரின் வாயிலும் வைத்தான். கோழி தன்பாட்டில் இறங்கிப் போனது.

அடுத்த நாள் ஜொய்சி பரிசுக்குப் போன் எடுத்தாள். “மச்சாள், நான் உங்களை ஒண்டும் குறையா நினைக்கேல்லை. பிள்ளையின்ர வயசை மட்டும் திருப்பித் தாங்கோ. எல்லாம் வேண்டாம், ஒரு வருசம் போதும்.”

“வயசு என்ன, பார்சலில போட்டு அனுப்பிற சாமானே?” என்றாள் ஞானசவுந்தரி. “என்ர பிள்ளை வளருறது உமக்குக் கண்ணுக்குள்ள குத்துது. அதுதான் விசயம்.” அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அன்ரனிதாஸ் மட்டும் கடலுக்குப் போகிற நேரம் படகில் இருந்து தமக்கையோடு கதைப்பான். பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கமாட்டான்.

அதற்குப் பிறகு ஜொய்சியின் வீட்டில் பிறந்தநாள் வைக்கவில்லை. கேக் இல்லை, திரி இல்லை. ஆனாலும் வயது நிற்கவில்லை. போய்ப் பழகிய பாதையால் அது தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. கொரோனாவில் விமானமெல்லாம் நின்ற வருடத்திலும் போனது, மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த வருடத்திலும் போனது. சட்டை நைந்தால் ஜொய்சி அளவெடுக்காமலே அதே அளவில் இன்னொன்று தைத்தாள். தை மாதம்தான் பொல்லாத மாதம். மெலிஷாவோடு விளையாடின பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டு முதலாம் வகுப்புக்குப் போவார்கள். அவள் படலையில் நின்று, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்று கத்துவாள். மாசியில் புதுப் பிள்ளைகள் வருவார்கள், அவர்களோடு சிநேகிதமாவாள். அடுத்த தையில் அவர்களும் போவார்கள். முதலில் அவளோடு விளையாடியவர்கள் இப்போது படகேறி யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கிறார்கள். லீவில் வந்தால் அவளைத் தூக்கிக் கன்னத்தில் கொஞ்சுகிறார்கள். ஜொய்சி அதைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். அவளுடைய தலை நரைத்துவிட்டது. முன்பள்ளி மட்டும் மூடப்படவில்லை. சில வருடம் அங்கே மெலிஷாவையும் இன்னொரு பிள்ளையையும் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.

பஸ் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. மழைக்கு மட்டை கரையும், ஜொய்சி புது மட்டை தைப்பாள். கூரைக்கு அஞ்சலினின் பனர்களை எடுத்துக் கட்டியிருந்தாள், படம் உள்பக்கம் பார்க்க. வேறு தண்ணீர் போகாத சாமான் கையில் இருக்கவில்லை.

இந்த வருடம் ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் படகில் அஞ்சலின் வந்து இறங்கினாள். இருபத்திரண்டு வயதுப் பெண், கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சப்பாத்து, வாய் நிறையச் சிரிப்பு. பள்ளிக்கூடம் முடித்து ஒரு கடையில் வேலை செய்கிறாள். தாய்க்குச் சொல்லாமல் வந்திருந்தாள். கதிரை எடுத்துப் போட்டு, ஜொய்சி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். என்ன இருந்தாலும் வீட்டுக்கு வந்த பிள்ளை. அஞ்சலினின் தமிழ் கொஞ்சம் கொச்சையாக, ஆனால் ஆசையாக இருந்தது.

“மாமி, மெலிஷா எங்க? எனக்கும் அவளுக்கும் ஒரே நாளெல்லோ பேர்த்டே? சின்னனில எனக்காகக் கேக் எல்லாம் வெட்டினவள். அவளைப் பாக்கத்தான் முக்கியமா வந்தனான்.”

ஜொய்சி வாயைத் திறக்க முன்னம், வீட்டுக்குப் பின்னால் இருந்து மெலிஷா ஓடிவந்து தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அஞ்சலின் குனிந்து அவளுடைய கன்னத்தைக் கிள்ளினாள். “ஐயோ, என்ன வடிவு! இது மெலிஷாவின்ர தங்கச்சியா, மாமி?”

அன்ரனிதாஸ் மனைவியைப் பார்த்தான். ஜொய்சி அஞ்சலினைப் பார்த்தாள். உயரம், தோள், நன்றாகத் திரண்ட கை, சிரிக்கும்போது தெரிகிற வளர்ந்த பல்வரிசை. இத்தனை வருடமாகத் திட்டித் தீர்த்த ஆள் கண்ணுக்கு முன்னால் நிற்கிறாள். திட்டுவதற்கு வாய் வரவில்லை. அந்தக் கையில் பாதி தன் பிள்ளையின் கை, அந்தப் பல்லில் பாதி தன் பிள்ளையின் பல் என்றுதான் அவளுக்குப் பட்டது. தடவிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. 

“ஓம், பிள்ளை. தங்கச்சிதான்” என்றாள்.

“அப்ப மெலிஷா?”

“அவள் இஞ்ச இல்லை. வளந்திட்டாள். பரிசிலதான் இருக்கிறாள்.”

“பரிசிலயா? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! எந்தப் பக்கம்?”

“உங்களுக்குக் கிட்டத்தான்” என்றாள் ஜொய்சி. “நல்லாப் பாத்துக்கொள்ளும், பிள்ளை. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லும்.”

அஞ்சலின் ஓம் என்றாள். எழுந்து ஜொய்சியைக் கொஞ்சினாள். ஜொய்சி அவளை உடனே விடவில்லை, முதுகை, தோளை, தலைமயிரைத் தடவிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். மாமிக்குத் தன்னில் இவ்வளவு அன்பா என்று அஞ்சலினுக்குக் கண் கலங்கிப் போனது. பின்னேரப் படகுக்கு நேரம் இருந்தது. மெலிஷா அவளுடைய விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸைக் காட்டினாள். அஞ்சலின் தலையைக் குனிந்து உள்ளே ஏறி, சின்னக் கதிரையில் முழங்காலை மடித்துக்கொண்டு இருந்தாள். மேலே பார்த்தவள், கூரை முழுக்கத் தான் சிரித்துக்கொண்டு இருப்பதைக் கண்டு, அதை ஒரு படம் எடுத்தாள். மெலிஷா ரிக்கற் கிழித்துக் கொடுத்தாள். ஆள் ஏறிவிட்டதால் பஸ் வெளிக்கிட்டது. யாழ்ப்பாணம் வந்ததும் இறங்கச் சொன்னாள். அஞ்சலின் இறங்கி, கையைக் காட்டிவிட்டு, துறைக்கு நடந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஜொய்சி மெலிஷாவுக்குத் தலை இழுத்து, நீலச் சட்டையைப் போட்டு, முன்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரீச்சர் நிலாந்தினி வாசலில் நின்றாள். அன்றைக்கு வேறு பிள்ளை வரவில்லை, மெலிஷா வந்ததால் பள்ளிக்கூடம் நடந்தது.